மதகு சிறிது, கண்மாய் பெரிது

காரைத் தூய தமிழில் மகிழுந்து என்கிறோம். ஏறி அமர்வோர்க்கு மகிழ்ச்சி தருவது என்னும் கருத்தில் அமைந்த அழகிய சொல் அது. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மீமிசலுக்கும் தொண்டிக்கும் இடையே, உச்சி வெயிலில் முன்மூடியைத் திறந்து வைத்து ஆவி கக்கி நிற்கும் வண்டியையும், அதன் அருகே குழந்தை குட்டிகளுடன் கருவேல மரத்தின் அரை நிழலில் ஒதுங்கி நிற்கும் குடும்பத்தையும் கண்டவர்கள் அந்த எல்லையை அறிவார்கள். அவ்வாறு நிற்கும் வண்டிகள் அனைத்துக்கும் ஒரே காரணம் இருக்க இயலாது. குழாய் வெடித்திருக்கலாம், விசிறி ஓடாதிருக்கலாம், நீரேற்றி பழுதாகியிருக்கலாம். ஆயினும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு உறுப்பு உரிய காலத்தில் மாற்றப்படாமையால் நின்ற வண்டிகளும் அவற்றுள் பல. அவ்வுறுப்பின் பெயர் தெர்மோஸ்டாட்.

தமிழ்த்துறை மலரில் தெர்மோஸ்டாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வருமுன் காத்தல் பற்றிப் பேசும்போது வள்ளுவரைச் சான்றுக்கு அழைக்காத மேடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் சான்று காட்டிய அதே கை சாவியை எடுத்து வண்டியை இயக்கும்போது, காட்டிய சான்றை மறந்துவிடுகிறது. சொல்லில் நிற்கும் அறம் செயலுக்கு வரவேண்டுமாயின், சிறு பொருள்களில் அதனைப் பயின்றாக வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கெட்ட பின் மாற்றுவதா, கெடுமுன் மாற்றுவதா என்னும் கேள்வி அத்தகைய பயிற்சிக்கு ஏற்றதொரு கேள்வி. கெடுமுன் மாற்றுக என்பதே இக்கட்டுரையின் முடிபு. அதற்கான காரணங்களைக் கீழே காண்போம்.

இன்ஜினுக்குள் ஒரு மதகு

நம் புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்களால் வாழும் மாவட்டம். கண்மாய்க்கு மதகு எப்படியோ, அப்படியே இன்ஜினுக்குத் தெர்மோஸ்டாட். மதகு நீரைத் தடுப்பதற்காக மட்டும் அமைந்ததன்று. நீரை விடுவதற்காக மட்டும் அமைந்ததுமன்று. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடி, அளவறிந்து விடுவதே அதன் பணி.

இன்ஜினுக்குள் எரிபொருள் எரியும்போது கடும் வெப்பம் எழுகிறது. அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை, உருளைகளைச் சுற்றி ஓடும் நீர் ஏற்றுக்கொண்டு ரேடியேட்டருக்குக் கொண்டு செல்கிறது. அங்கே காற்றில் ஆறி மீண்டும் இன்ஜினுக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றுப் பாதையின் நடுவே தெர்மோஸ்டாட் அமர்ந்திருக்கிறது. காலையில் வண்டியை இயக்கியதும் அது மூடியே இருக்கும். நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி விரைவாகச் சூடேறும். வண்டிக்கு வண்டி அளவு மாறினும், பொதுவாக 82 டிகிரி செல்சியஸ் அல்லது 88 டிகிரி என்ற நிலையை அடைந்ததும் அது மெல்லத் திறக்கத் தொடங்கும். மேலும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறினால் முழுவதும் திறந்துவிடும். நீர் ஆறினால் மீண்டும் குறுகும்.

இவ்வளவையும் செய்வதற்கு அதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. ஓட்டுநரின் கட்டளையும் வேண்டுவதில்லை. ஒரு சிறு உலோகக் குப்பிக்குள் மெழுகு அடைக்கப்பட்டுள்ளது. சூட்டில் மெழுகு உருகி விரிகிறது. விரியும் மெழுகு ஒரு தண்டை உந்த, கதவு திறக்கிறது. ஆறும்போது மெழுகு சுருங்க, சுருள்வில் கதவை மூடிவிடுகிறது. இந்த மெழுகு முறையை 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் உருவாக்கினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகியும் உலகின் பெரும்பாலான கார்களில் அம்முறையே நின்று நிலவுகிறது. அண்மைக் காலத்து வண்டிகள் சிலவற்றில் கணினியின் ஆணைக்கேற்ப மின்சாரத்தால் சூடேற்றப்படும் வகை வந்துள்ளது. அதிலும் உள்ளே இருப்பது மெழுகுதான்.

‘நம்ம வெயிலுக்கு எதுக்கு?’

இத்துணை நுட்பமான உறுப்புக்கு நம் நாட்டுப் பட்டறைகளில் கிடைத்த மரியாதை என்ன? கழற்றி எறியப்பட்டதே ஆகும். “இந்த வெயிலுக்கு இது எதுக்குண்ணே? கழற்றிப் போட்டாச்சு. இனிமே வண்டி சூடே ஏறாது” என்று மெக்கானிக் சொல்ல, “சரிதான் தம்பி, செலவு மிச்சம்” என்று வண்டிக்காரர் மகிழும் உரையாடல் தமிழகத்தில் பல ஊர்களில் கேட்டுப் பழகிய ஒன்று. குளிர்நாட்டுக்காரன் தன் ஊர்ப் பனிக்காகச் செய்து வைத்த உறுப்பு நமக்கு எதற்கு என்பதே இதன் அடியில் உள்ள எண்ணம்.

மெக்கானிக் மீது முழுப் பழியையும் சுமத்துதல் முறையாகாது. நடுவழியில் தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகிவிட்டால், அதனைக் கழற்றிவிட்டு வண்டியை ஊர் கொண்டு வந்து சேர்ப்பது அறிவுடைய செயலே. அம்பாசிடர் காரின் பழைய இன்ஜினில் உருளைத் தொகுதியும் அதன் தலைப்பகுதியும் வார்ப்பிரும்பால் ஆனவை. அது பல கொடுமைகளைப் பொறுத்துக்கொண்டது. ஆபத்துக்குச் செய்த உபாயம் நாளடைவில் வழக்கமாகி, வழக்கம் விதியாகிவிட்டது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அது கற்றுத் தந்த வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

அந்த எண்ணம் பிழையானது என்பதை எளிய கணக்கொன்று காட்டும். சித்திரை வெயில் 38 டிகிரி என்று கொள்வோம். நமக்கு அது தாங்க முடியாத சூடு. ஆனால் 82 டிகிரியில் இருக்கவேண்டிய இன்ஜினுக்கு அது 44 டிகிரி குறைவு. மனிதனுக்கு வெயிலாக இருப்பது இயந்திரத்துக்குக் குளிர்தான்! எனவே பனி பெய்யும் நாட்டுக்கு மட்டும் உரியது தெர்மோஸ்டாட் என்பது பொருந்தாது. அது இல்லாத இன்ஜின், உரிய சூட்டை அடைய நெடுநேரம் ஆகும். சில வேளைகளில் அடையாமலே ஓடும். சூடேறாத இன்ஜினில் எரிபொருள் முழுமையாக எரிவதில்லை. எண்ணெய் உரிய இளக்கம் பெறுவதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் எண்ணெயில் கலந்து சேறுபோல் படிகிறது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது. உருளைகள் விரைவில் தேய்கின்றன. மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகை, தெரியாமலேயே பெட்ரோல் நிலையத்தில் கரைந்துவிடுகிறது.

இதைவிட வியப்பான உண்மை ஒன்றுண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இரண்டு கதவுகளைக் கொண்டது. ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் திறக்கும்போதே, இன்ஜினுக்குள் சுற்றும் குறுக்குவழியை அது அடைத்துவிடும். அதனைக் கழற்றி எறிந்தால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலேயே திரும்பிவிடும். ஆகவே சூடேறாமல் இருக்கக் கழற்றிய வண்டி, மேட்டிலும் பாரத்திலும் சூடேறுகிறது. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளின்படி செய்யப்படும் வண்டிகளிலோ, இன்ஜினின் சூட்டை அளந்தே கணினி எரிபொருளின் அளவை முடிவு செய்கிறது. அங்கே தெர்மோஸ்டாட்டை நீக்குவது கணினியின் கண்ணைக் கட்டி வழிகாட்டச் சொல்வதற்கு ஒப்பாகும்.

சொல்லாமல் வரும் கேடு

கழற்றி எறிவது ஒரு பிழை என்றால், இருக்கட்டும் என்று கெடும்வரை விட்டுவிடுவது மற்றொரு பிழை. தெர்மோஸ்டாட் இரு வகையாகக் கெடும். திறந்தபடியே நின்றுவிட்டால் மேற்கூறிய நட்டங்கள் மெல்ல மெல்ல விளையும். மூடியபடியே நின்றுவிட்டால் கேடு சில நிமிடங்களில் வந்து சேரும். மெழுகை அடைத்து நிற்கும் ரப்பர் மூப்படைந்து மெழுகு கசிந்துவிட்டால், கதவைத் திறக்கும் ஆற்றல் போய்விடுகிறது. மூடும் சுருள்வில் மட்டும் எஞ்சுகிறது. அதனால் கதவு மூடியே நிற்கிறது. உப்பும் துருவும் தண்டில் படிந்தாலும் இதே நிலை நேரலாம்.

நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பதைப் பள்ளியில் படித்தோம். ரேடியேட்டர் மூடி, சமையலறைக் குக்கரின் குண்டைப் போல் அழுத்தத்தை அடக்கி வைப்பதால், வண்டியில் உள்ள நீர் 118 டிகிரி அளவு வரை கொதிக்காமல் தாங்கும். மதகு திறக்காத நிலையில் அந்த எல்லையும் கடந்துபோகும். இன்றைய இன்ஜின்களின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும் இயல்பு அலுமினியத்துக்கு உண்டு. அளவு மீறிய சூட்டில் அது வளைந்துவிட்டால், தலைப்பகுதிக்கும் உருளைத் தொகுதிக்கும் இடையே உள்ள கேஸ்கட் பிளந்து, நீர் எண்ணெயிலும் எண்ணெய் நீரிலும் கலந்துவிடும். அதன் பின் பேச வேண்டியது நூற்றுக்கணக்கில் அன்று. ஆயிரங்களில், பல வேளைகளில் பல்லாயிரங்களில்.

சூடு காட்டும் முள் இருக்கிறதே, அது எச்சரிக்காதா என்று கேட்கலாம். எச்சரிக்கும், ஆனால் எப்போதும் உரிய காலத்தில் எச்சரிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. நீர் மட்டம் குறைந்து, சூட்டை அளக்கும் கருவி நீரில் தோயாமல் நின்றுவிட்டால், முள் உண்மையைக் காட்டாது. இரவுப் பயணத்தில், நோயாளியின் முனகலையும் சாலையின் வளைவையும் கவனித்துச் செல்லும் ஓட்டுநர் அந்த முள்ளை எத்தனை முறை பார்ப்பார்?

கடலோர ஊர்களுக்கு இதில் தனிக்கவலை உண்டு. நம் கிணறுகளில் பல உவர்நீர்க் கிணறுகள். குடிக்க உதவாத நீரை ரேடியேட்டரில் ஊற்றத் தயங்குவோர் குறைவு. உவர்நீரில் உள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கும். கடினநீரில் உள்ள சுண்ணம் சூட்டில் பிரிந்து படலமாகப் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிவதை நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அந்த வெள்ளைப் படிவுதான் தெர்மோஸ்டாட்டின் தண்டிலும் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிகிறது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. இக்கரையோர ஊர்களில் கடல் கடந்து பொருள் தேடச் சென்றோர் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்கள் விடுப்பில் வரும்போது வாங்கிய கார், அவர்கள் திரும்பிய பின் மாதக்கணக்கில் கூரையடியில் நிற்கிறது. ஓடாத வண்டி கெடாது என்பது தவறான நம்பிக்கை. குளிர்நீர்க் கலவையில் உள்ள துருத்தடுப்புப் பொருள்களின் ஆற்றல் கிலோமீட்டரால் மட்டுமன்றி, ஆண்டுகளாலும் குறைகிறது. ரப்பருக்கு மூப்பு நாட்காட்டியாலும் வருகிறது. அடுத்த விடுப்பில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மதுரைக்கோ திருச்சிக்கோ புறப்படும் நாளில்தான், அந்த மூப்பு தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும்.

கெடாததை ஏன் மாற்றவேண்டும்?

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். அது எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ‘நன்றாக இயங்கும் பொருளை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது வீண்செலவு அல்லவா? வண்டியோடு வந்த கையேடுகளிலேயே பெரும்பாலும், நீர்க்கலவையை இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுக என்றுதான் உள்ளது. தெர்மோஸ்டாட்டை மாற்றுக என்று இல்லையே! புதிதாக வாங்குவது போலியாக அமைந்துவிட்டால், நல்லதைக் கொடுத்துக் கெட்டதை வாங்கிய கதை ஆகாதா?’ என்பர்.

எல்லா உறுப்புகளையும் கெடுமுன் மாற்றவேண்டும் என்று எவரும் சொல்லார். அது செல்வத்தைச் சிதைக்கும் வழி. எதைக் கெடுமுன் மாற்றுவது, எதைக் கெட்ட பின் மாற்றுவது என்று பகுத்தறிய நான்கு கேள்விகள் போதும். ஒன்று, அவ்வுறுப்பின் விலை குறைவா? இரண்டு, அது கெடும்போது முன்னறிவிப்பின்றிக் கெடுமா? மூன்று, அது கெட்டால் தன்னைவிடப் பன்மடங்கு பெரிய பொருளைக் கெடுக்குமா? நான்கு, வேறொரு வேலைக்காக அவ்விடத்தைத் திறக்கும்போதே இதையும் மாற்றிவிட இயலுமா? நான்குக்கும் ‘ஆம்’ என்று விடை வருமாயின், காத்திருப்பது சிக்கனம் ஆகாது, சூதாட்டம் ஆகும்.

காரின் முகப்பு விளக்கு கெட்டால் இன்ஜின் கெடுவதில்லை. ஆகவே கெட்டபின் மாற்றலாம். தெர்மோஸ்டாட் அப்படியன்று. பெரும்பாலான சிறு கார்களுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. உறையோடு சேர்ந்து வரும் புது வகைகளுக்குச் சில ஆயிரம் ஆகலாம். கெடும் நாளை அது சொல்லுவதில்லை. கெட்டால் தலைப்பகுதியையே வளைக்கிறது. நீர்க்கலவையை வடித்து மாற்றும் நாளில் அதனையும் மாற்றினால் கூலியும் மிகுதியாவதில்லை. நான்கு கேள்விகளுக்கும் அது தெளிவாகவே விடை தருகிறது.

இந்த அறிவு நம் வீடுகளில் முன்னமே உண்டு. சமையல் எரிவாயு அடுப்பின் ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுமாறு எண்ணெய் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. கசிந்த பிறகு மாற்றுவோம் என்று எந்தத் தாயும் காத்திருப்பதில்லை. எரிவாயு உருளையின் மேல்வளையத்தை ஒட்டிய தகட்டில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளுள் ஒன்றும் ஆண்டின் இரண்டு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டின் எந்தக் காலாண்டுக்குள் அவ்வுருளை மீண்டும் சோதிக்கப்பட வேண்டும் என்பதை அக்குறி உணர்த்துகிறது. உருளை வெடித்துத்தான் தன் மூப்பை அறிவிக்கவேண்டும் என்று விட்டுவிடவில்லை.

திருச்சிராப்பள்ளிக்கு அருகே உள்ள பொன்மலை ரயில்வே பணிமனையை அறியாதார் நம் பகுதியில் இலர். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் இறுதியில் அங்கே இடம்பெயர்ந்தது. ரயில்வேயில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வோர் இன்ஜினுக்கும் காலமுறைச் செப்பனிடல் என்று ஒன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியே குறித்த காலம் வந்ததும் பணிமனைக்குள் இழுக்கப்பட்டு, பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கப்படுகிறது. இதே கடற்கரையின் தென்கோடியில் பாம்பன் பழைய பாலம் 1914 முதல் 2022 வரை ரயிலைச் சுமந்தது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் இடத்தில் அது நூற்றாண்டைக் கடந்ததற்கு, இடைவிடாமல் வண்ணம் பூசியதும் தளர்ந்த பகுதிகளை மாற்றியதும் காரணங்கள். பல்லாயிரம் உயிர்களைச் சுமப்பதற்கு ஒரு நீதி, நம் பிள்ளைகளைச் சுமப்பதற்கு வேறொரு நீதியா?

குடிமராமத்து கற்றுத் தந்த பாடம்

இதனை மேலைநாட்டுப் பழக்கம் என்று கருதுவோர் நம் கண்மாய்க் கரைகளை நினைவுகூர வேண்டும். புதுக்கோட்டை வட்டாரத்துப் பழங்கண்மாய்களில் கல்லால் ஆன குமிழித் தூம்புகளும், அவற்றை அமைத்தோர் பெயரைத் தாங்கிய கல்வெட்டுகளும் இன்றும் உள்ளன. தூம்பை அமைத்தவனைக் கல்லில் பொறித்துப் போற்றிய மண் இது. மதகு சிறிது என்பதற்காக அதனை நம் முன்னோர் அற்பமாகக் கருதவில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் ஊர் கூடிக் கரையை உயர்த்தி, வரத்துக் காலைத் தூர்வாரி, மதகைச் சரிபார்க்கும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அந்த உழைப்பை 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தது. பின்னர் அவ்வழக்கம் நலிந்தது. 2017-இல் தமிழக அரசு அப்பெயரிலேயே திட்டம் வகுத்து அதனை மீட்கவேண்டியதாயிற்று. குடிமராமத்தின் உயிர்நிலை எது? கரை உடைந்தபின் மண் சுமப்பதன்று. உடையாத கரைக்கு மண் சுமப்பதே. ஐப்பசியில் உடையக்கூடிய கரையை ஆனியிலும் ஆடியிலும் பார்த்தவர்கள் நம் முன்னோர்.

காருக்கும் குடிமராமத்து வேண்டும்.

செய்யத்தக்கவை

செய்யும் முறை கடினமானதன்று. நான்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, நீர்க்கலவையை மாற்றும் நாளையே தெர்மோஸ்டாட்டை மாற்றும் நாளாகவும் வைத்துக்கொள்ளலாம். வாங்கிய பழைய காரில் முன்பு என்ன செய்தார்கள் என்பது தெரியாதாயின், முதல் வேலையாக அது உள்ளே இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது நலம். கிணற்று நீரிலேயே நெடுநாள் ஓடிய வண்டியானால் ஆண்டுக் கணக்கு வேண்டியதில்லை, உடனே மாற்றிவிடலாம்.

போலிப் பொருள் பற்றிய அச்சத்துக்கு நம் அடுக்களையிலேயே மருந்துண்டு. புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்துமுன் ஒரு பாத்திர நீரில், அடியைத் தொடாதவாறு நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைக்கவேண்டும். 82 அல்லது 88 என்று அதன்மேல் பொறித்துள்ள அளவை நீர் நெருங்கும்போது கதவு அசையத் தொடங்கும். வெப்பமானி இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. நீர் தளதளவென்று கொதிக்கும் நிலையிலும் திறவாத கதவு பழுதானது. குளிர்ந்த நீரிலேயே வாய் பிளந்திருக்கும் கதவும் பழுதானது. வெளியே எடுத்து ஆறவிட்டால் முழுவதும் மூடவேண்டும். ஐந்து நிமிடச் சோதனை இது. கழற்றிய பழையதையும் இவ்வாறு சோதித்துப் பார்த்தால், எந்த நிலையில் இருந்தது என்பது வண்டிக்காரருக்கே விளங்கும்.

பொருத்தும்போது வண்டிக்குக் குறித்த அளவையே பொருத்துதல் வேண்டும். ‘குறைந்த டிகிரி போட்டால் குளிர்ச்சி’ என்னும் யோசனையை ஏற்கலாகாது. மெழுகுக் குப்பி இன்ஜினை நோக்கியும், காற்று வெளியேறும் சிறு துளை இருப்பின் அது மேல்நோக்கியும் அமையவேண்டும். பழைய கேஸ்கட்டையும் ரப்பர் வளையத்தையும் மீண்டும் இடாமல் புதியது இடவேண்டும். நீர்க்கலவையில் உவர்நீரைச் சேர்க்காமல், பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்ட் வாட்டரையே சேர்க்கவேண்டும். உள்ளே சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்றிய பின்னரே வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரவேண்டும். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, குண்டு ஆடும் குக்கரைத் திறப்பது போன்றது, ஒருபோதும் செய்யலாகாது. மாற்றிய நாளையும் ஓடிய கிலோமீட்டரையும் முன்மூடியின் உட்புறம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தால், நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை.

தமிழில் சொல்லாத குறை

மெக்கானிக் அந்த உறுப்பை ஏன் எறிந்தார்? அது ஏன் இருக்கிறது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எவரும் சொல்லவில்லை. காரோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பட்டறைக்குப் பதினைந்து வயதில் வந்து, கையாலும் காதாலும் தொழில் கற்றவர்களுக்கு அக்கையேடு பூட்டிய பெட்டி. தஞ்சையில் 1981-இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத் தொகுதிகளை வெளியிட்டது பெருமைக்குரியது. ஆனால் களஞ்சியத்துக்கும் பட்டறைக்கும் இடையே உள்ள தொலைவு குறையவில்லை. தெர்மோஸ்டாட்டை ‘வெப்பநிலை நிறுத்தி’ என்பதா, ‘வெப்பச் சீராக்கி’ என்பதா என்று நாம் கருத்தரங்குகளில் வாதிடலாம். எந்தப் பெயரில் அழைத்தாலும் நன்றே. அது எதற்காக உள்ளது என்பதை இரண்டு பக்கத் தமிழில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுவது அதனினும் நன்று. தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் ஊர் மெக்கானிக் ஒருவரும் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து பேசினால் அந்த இரண்டு பக்கங்கள் உருவாகிவிடும். கலைச்சொல் ஆக்கத்துக்கும் அதனைவிட நல்ல களம் வாய்க்காது.

இதில் பணயமாக நிற்பது இரும்பும் அலுமினியமும் மட்டும் அல்ல. மீமிசலில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டால், அறந்தாங்கிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். 2017-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அதனினும் தொலைவு. ஆம்புலன்ஸ் வேறோர் அழைப்புக்குச் சென்றிருக்கும் வேளையில், கைக்குக் கிடைத்த வாடகைக் காரில்தான் நோயாளியை ஏற்றுகிறார்கள். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் மீன் ஏற்றிச் செல்லும் சிறு லாரி வழியில் நின்றால், பனிக்கட்டி உருகி ஒரு நாள் உழைப்பே நாறிப்போகும். வாடகைக் காரை நம்பிப் பிழைக்கும் ஓட்டுநருக்கு, வளைந்துபோன இன்ஜின் தலைப்பகுதி என்பது மூன்று மாத வருவாயாகவும் இருக்கக்கூடும். சில நூறு ரூபாய்ப் பொருளொன்று இத்தனைக்கும் காவல் நிற்கிறது.

ஆகவே வண்டி வைத்திருப்போர்க்குச் சொல்ல விரும்புவது இதுவே. அடுத்த முறை நீர்க்கலவையை மாற்றும்போது, “தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா தம்பி?” என்று கேளுங்கள். இல்லையென்றால் இடச் சொல்லுங்கள். இருந்து ஐந்தாண்டு கடந்திருந்தால், கெடவில்லையே என்று தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். அருகில் நின்று பாருங்கள், நாளைக் குறித்துவையுங்கள். கார்மேகம் திரளுமுன் மதகைப் பார்த்துவைப்பவனே கண்மாய்க்கு உரியவன்.